வெள்ளை பாட்டில், கறுப்பு பாட்டில்

போன வாரம் ஸ்நேகா என்ற பெண் போன் செய்தாள். பம்பாய் மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த கல்லூரியில், நான் இருந்த இடத்தில் இப்போது லேப் அசிஸ்டெண்டாக இருப்பவள். தாவரவியல் துறையின் பழைய அலமாரியைக் காலி செய்கிறார்களாம். அடித்தட்டில் கண்ணாடி மூடி போட்ட கனத்த பாட்டில்கள் அகப்பட்டிருக்கின்றன. அவற்றில் பாதிக்குக் கறுப்பு ரெக்சினில் சட்டை தைத்துப் போட்டிருக்கிறது. இது எதற்கு ஆண்ட்டி என்று கேட்டாள்.

தண்ணீருக்குள் இருக்கும் பச்சை எவ்வளவு வெயில் சாப்பிட்டது என்று அளப்பதற்கு என்றேன். காலையில் கடற்கழித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, மத்தியானம் தாண்டி எடுப்போம்.

"அவ்ளோ நேரம் சும்மாவா உக்காந்திருப்பீங்க? போர் அடிக்காதா ஆண்ட்டி? இப்ப ஒரு குச்சிய தண்ணில முக்குனா போன்லயே நம்பர் வந்துருது."

அவள் போனை வைத்த பிறகு செம்பூரில் எங்கள் வீட்டு பால்கனியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கறிவேப்பிலைத் தொட்டிமேல் வெயில் வந்து விழுந்திருந்தது. போர் அடித்ததா? அந்தச் சும்மா உட்கார்ந்திருந்த நேரம்தான் என் உத்தியோகத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. சம்பளம் கொடுத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லும் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நான் தாராவியில் பிறந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். பன்னிரண்டாவது முடித்ததும் கல்லூரியில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. முதல் சில வருஷங்கள் கழுவியதிலேயே போயின. என் கையில் எதுவும் உடையவில்லை என்பதைப் பார்த்து, கோமதி மேடம் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேடம் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, பிளாஸ்கில் காபி, அளந்த பேச்சு. அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. அளவு பார்க்கும்போது யாரும் பேசக்கூடாது. நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் எவரும் நிற்கக்கூடாது. நின்றால் திட்டமாட்டார், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "வெளிச்சம்" என்பார், அவ்வளவுதான். பிரின்சிபாலே ஒரு தடவை அந்த ஒற்றை வார்த்தைக்குப் பயந்து சுவரோரம் ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வேலை தாராவிக்குப் பின்னால் கடல் உள்ளே வந்து போகும் கழியில். முறை எளிது. ஒரே இடத்தில் தண்ணீர் மொண்டு பாட்டில்களில் குமிழி இல்லாமல் நிரப்புவோம். சிலவற்றை அங்கேயே மருந்து விட்டு நிறுத்திவிடுவோம், அது ஆரம்பக் கணக்கு. மீதியில் பாதி வெறும் கண்ணாடி, அது வெள்ளை பாட்டில். பாதிக்குக் கறுப்புச் சட்டை, அது கறுப்பு பாட்டில். அந்தச் சட்டைகளைத் தாராவியில் பை தைக்கும் கடையில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கினேன். சென்ட் பாட்டிலுக்கா என்று கேட்டார் தைத்தவர். எல்லாவற்றையும் கழியில் நட்ட மூங்கிலுக்கு மூங்கில் கட்டிய கயிற்றில் ஒரு முழ ஆழத்தில் தொங்கவிடுவோம்.

கண்ணுக்குத் தெரியாத பாசித் துணுக்குகள் இரண்டு வகைப் பாட்டிலிலும் இருக்கின்றன. வெள்ளையில் இருப்பவை வெயிலைப் பிடித்து, காற்றும் தண்ணீருமாக இருந்ததைத் தின்கிற பொருளாக மாற்றி, மிச்சமாகும் பிராணவாயுவை வெளியே விடும். கறுப்பில் இருப்பவற்றுக்கு வெயில் கிடையாது. அவை இருக்கிற பிராணவாயுவை மூச்சுவிட்டே தீர்க்கும். சாயங்காலம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைக்கு அந்தக் கழியின் சம்பாத்தியம்.

ஆரம்ப வருஷங்களில் நாங்களே கரையில் காத்திருப்போம். மேடம் குடை பிடித்திருப்பார். நான் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொள்வேன். "உள்ளே வேலை நடந்துண்டிருக்கு ராணி" என்பார் எப்போதாவது. தண்ணீர் அசையாமல் கிடக்கும். அசையாத அந்தத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் சமையல் நடக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு லேசாகத் தூக்கம் போல வரும், ஆனால் தூக்கமில்லை. பாசியைக் கூனி இறால் தின்கிறது, கூனியை மீன், மீனைக் கொக்கு. கரையோர அலையாத்தி மரத்து இலை உதிர்ந்து சேற்றில் அழுகுகிறது, அதை நண்டு இழுத்துப் போகிறது. பாலத்துக்கு மேலே ரயில் போகும். ஜன்னலில் தெரியும் முகங்கள் எல்லாம் காலையில் தின்ற போஹாவும் இட்லியும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு வயலில் விழுந்த வெயில்தானே. அப்படியானால் அந்த ரயிலில் தொங்கிக்கொண்டு போவதும் வெயில்தான் என்று தோன்றும். இதை மேடத்திடம் சொன்னதில்லை. சொன்னால் சான்று கேட்பார்.

எங்களைப் படகில் கொண்டுபோனவர் பாண்டு காகா. கோலிவாடா மீனவர். கழியில் கூனி வலையும் நண்டுக் கூடையும் போடுவார். மனைவி அதைத் தாராவி மார்க்கெட்டில் விற்பாள். எங்கள் ஜனங்களோடு பழகிப் பழகி ஒரு மாதிரித் தமிழ் பேசுவார்.

ஒரு கோடையில் அவர் படகு கட்டும் துறைக்கே ஆபத்து வந்தது. காகாவின் படகுத் துறையையும் ஒட்டியிருந்த அலையாத்திகளையும் மண் போட்டுத் தூர்த்து லாரி நிறுத்தம் கட்டப் போகிறார்கள் என்றார்கள். அது செத்த தண்ணீர், அதில் ஒன்றும் விளையாது என்பது கட்ட வந்தவர்களின் வாதம். விளைகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு கமிட்டி மேடத்தைக் கேட்டது. மழைக்கு முன்னால் சொல்ல வேண்டும். விளையவில்லை என்றால் காகாவுக்குப் படகை நிறுத்த இடமில்லை, வலை போடத் தண்ணீரும் இல்லை.

முதல் நாளே பாட்டில்கள் களவு போயின. பரீட்சை சமயம், மேடத்துக்கும் எனக்கும் கல்லூரியில் வேலை. காலையில் தொங்கவிட்டுப் போய் மத்தியானம் திரும்பினால் வெறும் கயிறு. யார் வேலை என்று எனக்குத் தெரியாதா? நேராகப் பழைய சாமான் பொறுக்கும் பேச்சியம்மா அக்காவிடம் போனேன். எங்கள் சந்துக்காரி.

"ஏட்டி ராணி, நல்ல கனத்த கண்ணாடி. தண்ணிக்குள்ள அனாதையா தொங்குனா எவம் விடுவான்? ஒன் சாமான்னு போர்டா எழுதி வச்சிருந்தே?" என்றாள். திருப்பிக் கொடுத்தவள் ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாள்.

மறுபடி தொங்கவிட்டபோது மேடம் காகாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். "பாண்டு, இந்தத் தடவை பாட்டில் போகக்கூடாது. உங்க பொறுப்பு."

"டென்ஷன் நக்கோ மேடம். என் பொண்ணு மாதிரி பாத்துக்கும்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். மத்தியானம் துறைக்கு வந்து எங்களைப் படகில் ஏற்றிப் போனார். ஒரு பாட்டில் குறையவில்லை. படகிலேயே ஒவ்வொன்றிலும் பிராணவாயுவை அளக்க விடும் இரண்டு மருந்தையும் விட்டு மூடிக் கவிழ்த்தேன். பிராணவாயு இருந்தால் உள்ளே காபித்தூள் நிறத்தில் வண்டல் இறங்கும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கறுக்கும். இல்லையென்றால் வண்டல் வெளுப்பாகவே இருக்கும். கறுப்பு பாட்டில்களில் வெளுப்பு, சரிதான். வெள்ளை பாட்டில்களிலும் அதே வெளுப்பு. வெயிலில் இருந்ததும் ஒன்றும் சம்பாதிக்கவில்லை போலிருந்தது. காகா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடுப்பு போடுவதை நிறுத்தினார்.

"நெறத்தைப் பார்த்துச் சொல்லப்படாது" என்றார் மேடம். லேபில் துளித் துளியாக அளந்து பார்த்தும் அதேதான் வந்தது.

மறுபடியும் போனோம், அதற்குப் பிறகும் போனோம். ஒவ்வொரு தடவையும் காகாதான் காவல், ஒவ்வொரு தடவையும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மருந்தைப் புதிதாகக் கலக்கினோம். குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் ஒழுங்காகப் பழுப்பு வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாசி பச்சைப்பசேல் என்று இருந்தது.

"உயிரோட இருக்கு. ஆனா வேலை செய்யலே" என்றார் மேடம். "பட்டறைத் தண்ணியில ஏதோ விஷம் கலந்து வரதோ என்னவோ."

பட்டறை என்றால் எங்கள் தாராவி. என் அப்பா நின்று வேலை பார்த்த இடத்துச் சாக்கடை.

காகாவுக்கு விஷயம் தெரிந்து கல்லூரிக்கே வந்துவிட்டார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "மேடம், நான் தினம் ஜவ்லா புடிக்குது. ஒண்ணும் வெளையாத தண்ணில ஜவ்லா எங்கேர்ந்து வருது? கொஞ்சம் நல்லதா எழுதுங்க மேடம்."

ஜவ்லா என்று அவர் சொல்வது கூனியை.

"கடல் தண்ணி ஏத்தத்துல வரதுன்னு கட்ட வந்தவா சொல்லுவா பாண்டு. எனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் எழுத முடியும். தெரியாததை ஒரு தடவை எழுதினேன்னா, அப்புறம் நிஜத்தைச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு மேடத்தின்மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷனின் பிழைப்பைவிடவா இவருக்கு அந்த நாலு துளிக் கணக்கு பெரிது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பாட்டில் கழுவினேன்.

மூங்கிலையும் கயிற்றையும் எடுத்துவர ஒரு நாள் போனோம். அதோடு முடிந்தது என்பது மூன்று பேருக்கும் தெரியும். தெற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. காகா வழக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு முறைப்பாக இருந்தார். மூங்கிலைப் பிடுங்கும்போது வெடித்துவிட்டார்.

"நான் என்ன கம்மி பண்ணேன் மேடம்? ஏக் பாட்டில் போச்சா? காலைலேந்து என் படகை அது மேலயே நிறுத்தி, தாட்பத்ரி போட்டு மூடி, உங்களைக் கூப்பிட வரும்போதுதான் எடுக்கும். சோர் க்யா, திருடன் என்ன, வெயில்கூடத் தொட விடலே!"

தாட்பத்ரி என்றால் லாரிக்குப் போடும் தார்ப்பாய்.

மூங்கில் பாதி பிடுங்கியபடி நின்றது. நான் மேடத்தைப் பார்த்தேன், மேடம் தண்ணீரைப் பார்த்தார். எங்கள் படகின் நிழல் அதன்மேல் அகலமாகக் கிடந்தது. மேடம் மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார்.

"வெளிச்சம்" என்றார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், படகே ஆடியது. எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பத்திரமாக வைக்க வேண்டிய எதையும் முதலில் நிழலில்தான் வைப்போம். காகாவும் அதைத்தான் செய்திருந்தார். அத்தனை நாளும் நாங்கள் தொங்கவிட்டவை எல்லாமே கறுப்பு பாட்டில்கள்.

நான் சொல்லி விளக்கியதும் காகாவின் முகம் செத்துவிட்டது. "நானா? நானே என் காடிய..." என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டு நின்றார். காடி என்று அவர் சொல்வது கழியை.

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இல்லே பாண்டு. பாட்டில் இருக்கான்னுதான் நான் கேட்டேன். எப்படிக் காவல் காக்கறேள்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மூங்கிலைத் திரும்ப நடுங்கோ."

எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வெயில் நாள். மேகமோ நாளுக்கு நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. வெறும் வெயிலில் தொங்கவிட்டால் மறுபடி களவு போகும். நான் பேச்சியம்மா அக்காவிடம் போய் நின்றேன்.

"அந்தக் கோலிக்காரருக்கா? அவரு பொண்டாட்டிதான எங்களுக்குக் கடனுக்கு மீனு தாரா. ஒரு நாளு நாங்க காவக் காக்கோம், நீ போட்டி" என்றாள்.

அப்படியாக, பாட்டிலைத் திருடியவர்களே கரையில் வந்து காவலுக்கு உட்கார்ந்தார்கள். மேடம் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். தன் குடையைக்கூட மடக்கி வைத்துவிட்டார், கரைக்கும் கயிற்றுக்கும் அவ்வளவு தூரம் இருந்தும். காகா சேற்றில் தனியாக வெயிலில் நின்றார். தன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து, அது நகர நகரத் தானும் நகர்ந்தார். மூங்கிலில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தபோது மண்ணாங்கட்டி எறிந்து விரட்டினார்.

"கொக்கு நெழலு எம்புட்டுவே இருக்கும்?" என்று கேலி செய்தாள் பேச்சியம்மா அக்கா.

"எம்புட்டும் வாணாம், நக்கோ!" என்றார் காகா.

ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. கழி முழுக்கச் சாம்பலாகிவிட்டது. என் வாழ்க்கையில் வெயிலுக்காக வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான், அதுவும் பம்பாயின் அந்தக் கோடையில். மேகம் நகர்ந்தது. வெளிச்சம் அலையாத்திகளின் மேல் முதலில் விழுந்து, சேற்றில் இறங்கி, தண்ணீருக்கு நடந்து வந்தது. இலைகள் ஒவ்வொன்றும் மினுங்கின. அந்தத் தண்ணீரில், அந்த மரங்களில், எங்கள் எல்லோர் தலைமேலும் ஒரே வெயில் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். பச்சை மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாமெல்லாம் அதனிடம் போய்க் கையேந்துகிறோம்.

எடுத்து மருந்து விட்டபோது வெள்ளை பாட்டிலில் வண்டல் கெட்டிப் பழுப்பாக இறங்கியது. காகா எட்டிப் பார்த்து, வாயைத் திறந்து, மேடத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்பது அதற்குள் அவருக்கும் தெரிந்துவிட்டது.

லேபில் ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில். அமிலம் விட்டதும் வண்டல் கரைந்து பொன் நிறமானது. மேலேயிருந்து குழாயில் துளித் துளியாக மருந்து இறங்க, பொன் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அப்போது ஸ்டார்ச் கரைசல் விட வேண்டும். கஞ்சித்தண்ணீர்தான். அதுவும் ஏதோ ஒரு செடி பிடித்து வைத்த வெயில். விட்டதும் பாட்டில் முழுக்க நீலம். இனி அந்த நீலம் போகும்வரை ஒவ்வொரு துளியாக விட்டு எண்ண வேண்டும். கறுப்பு பாட்டில் தண்ணீரில் நீலம் உடனே போய்விட்டது. வெள்ளை பாட்டில் தண்ணீரிலோ முதலில் பொன்னே வெளிறுவதாக இல்லை. வெளிறி நீலமான பிறகும், ஒரு துளி விழும், நடுவில் வெளுக்கும், சுழற்றினால் திரும்ப நீலம். ஜன்னலை மறைக்காமல் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு துளியில் நீலம் பட்டென்று காணாமல் போனது.

மேடம் அதே மாதிரி எல்லாப் பாட்டிலையும் பார்த்து முடித்தார். பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"சம்பாதிக்கறது ராணி. நன்னாவே சம்பாதிக்கறது" என்றவர், தன் பிளாஸ்க் காபியில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

அவர் சொன்னதைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. லாரி நிறுத்தம் வேறெங்கோ போனது. எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும். எத்தனையோ அலையாத்திகள் போய்விட்டன. அந்தத் துறை மட்டும் தப்பித்தது.

மழை முடிந்து வெயில் திரும்பிய பிறகு ஒரு நாள் காகா லேபுக்கு வந்தார். கையில் நியூஸ்பேப்பரில் கட்டிய பொட்டலம். வராந்தா முழுக்கக் கருவாட்டு வாடை. பூண்டுகூடச் சேர்க்காத மேடத்தின் மேஜையில் அதை வைத்துப் பிரித்தார். காய்ந்த கூனி, பொன் தூள் மாதிரி.

"மேடம், வெயில் கொண்டாந்தேன்" என்றார். "நீங்கதானே சொன்னது? வெயில் பாசி ஆகுது, பாசி ஜவ்லா ஆகுது. இது நம்ம காடி வெயில்."

மேடம் மூக்கைச் சுளிக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். காகா போன பிறகு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார்.

"நீ எடுத்துண்டு போ ராணி. ஆனா எப்படி இருந்ததுன்னு நாளைக்கு எங்கிட்ட சொல்லணும்."

வீட்டில் அதைச் சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு வதக்கினேன். மறுநாள் காலையில் லேபில் யாரும் வருவதற்கு முன்னால் சொன்னேன். முதலில் உப்பு, அப்புறம் மெல்ல மெல்ல ஒரு தித்திப்பு, கடைசியில் நாக்கில் கொஞ்ச நேரம் நின்ற சூடு. மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் வெயில் விழ, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.